இரங்கல்களுக்கு அடியில் ஒரு வீடு

அந்த ஞாயிற்றுக்கிழமை அல்சூர் வீட்டில் கூடியவர்கள் மூன்று பேர். பிரேசர் டவுனிலிருந்து வந்த பொருளாளர் அக்கா, தங்கவயல் சுரங்க ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற சார், பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த நான். வராதவர் மேஸ்திரி. அந்த வீட்டை எங்களுக்குப் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். தங்கவயலில் படுத்த படுக்கையாக இருந்தார். கூட்டக் குறிப்பிலும் அப்படித்தான் எழுதினேன்: வந்தவர் மூவர், வராதவர் ஒருவர், காரணம் உடல்நலக் குறைவு. சமையலறையில் எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்த அண்ணியையும், உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவர் கணவரையும் எதிலும் சேர்க்கவில்லை. அவர்கள் எங்கள் குழுவில் இல்லை. அவர்களுக்கு மெயில் கிடையாது. ஆனால் அந்த வீடு யாருக்கு என்று கேட்டால், அவர்களுக்குத்தான்.

வீடு என்றால் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், கீழ்த்தளத்தில் இரண்டு அறை. தங்கவயலிலிருந்து பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறவர்கள் முந்தின நாளே வந்து தங்குவதற்கும், வைத்தியம் முடிந்து ரயிலேறத் தெம்பு வரும்வரை படுத்திருப்பதற்கும் என்று எடுத்தது. இந்த ஊரில் லீசு என்று ஒன்று உண்டு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம், காலி பண்ணும்போது கொடுத்தது திரும்பி வரும். மேஸ்திரி பல வருஷத்துக்கு முன் அந்தத் தொகையை எங்கள் மெயில் குழுவில் கேட்டுத் திரட்டினார். சுரங்கம் மூடி ஆட்கள் நாலா பக்கமும் போனபோது தொடங்கிய குழு அது. பெங்களூர், சென்னை, வளைகுடா என்று எங்கெங்கோ இருக்கும் சுரங்கத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் அதில் இருந்தார்கள். வாட்ஸ்அப்புக்கு இரண்டு முறை மாற்றிப் பார்த்தோம். இரண்டு முறையும் சண்டையில் உடைந்தது. மெயில் மட்டும் நின்றது.

அண்ணியின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், சுரங்கத்தில் கடைசியாக இறங்கிய ஆட்களில் ஒருவர். வேலை செய்தது கொஞ்ச காலம்தான். தூசி அதற்குள் நெஞ்சில் இடம் பிடித்துக்கொண்டது. இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நெஞ்சில் கோக்கும் நீரை ஊசி வைத்து எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டோக்கன் விடியற்காலையில் கொடுப்பார்கள். தங்கவயலிலிருந்து முதல் ரயில் வந்து சேர்வதற்குள் தீர்ந்துவிடும். அதனால் முதல் நாளே வந்தாக வேண்டும். நீர் எடுத்த பிறகு மனுஷன் எழுந்து நடக்க மாட்டார், அன்றும் தங்க வேண்டும். வீடு இருந்ததால் இது நடந்தது.

வீட்டுக்காரர் பாய் அந்த வாரம் அக்காவிடம் சொல்லிவிட்டிருந்தார். மாசக் கடைசிக்குள் லீசுத் தொகையோடு இன்னும் இரண்டு லட்சம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடலாம். வேறு ஒரு பார்ட்டி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

"ரெண்டு லட்சம் இந்தக் குரூப்புக்குப் பெரிய காசா?" என்றார் அக்கா. "இருநூறு பேருக்கு மேல இருக்காங்க. நான் பாதிப் பேருக்கு இன்னைக்கே போன் போட்டுடறேன்."

சார் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "போனா? மேஸ்திரி இன்னும் உசுரோட இருக்காரும்மா."

மேஸ்திரி வைத்த விதி ஒன்று உண்டு. காசு கேட்பதென்றால் குழுவில்தான் கேட்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே நேரத்தில். ஒருத்தர் முகத்தைப் பார்த்துக் கேட்கக்கூடாது, போனிலும் கேட்கக்கூடாது. அவர் காலத்தில் சம்பள நாளன்று சுரங்க வாசலில் வட்டிக்காரனும் சீட்டுக்காரனும் சங்கத்துக்காரனும் வரிசையாக நிற்பார்களாம். ஒருத்தன் முகத்துக்காகக் கொடுத்து, அடுத்தவன் முகத்துக்காகக் கொடுத்து, வீட்டுக்கு வரும்போது கவர் காலி. அந்த வாசலைத் தன் குழுவில் மறுபடி கட்டக்கூடாது என்பது அவர் பிடிவாதம். அந்த விதியால்தான் குழு இத்தனை வருஷம் காசு விஷயத்தில் மனஸ்தாபம் இல்லாமல் இருந்தது என்பதும் நிஜம்.

"அதான் சார், அவரு உசுரோட இருக்கறப்பவே வீட்டக் காப்பாத்தலாம்னு பார்க்கறேன்," என்றார் அக்கா.

"தம்பி மெயில் போடட்டும். எல்லாரும் படிக்கட்டும். குடுக்கறவன் குடுப்பான்."

டம்ளர்களை எடுக்க வந்த அண்ணி என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார். "அடுத்த தபா வர்றப்போ இந்த வீடு இருக்குமில்ல தம்பி? இவுரு கேட்டுக்கினே இருக்காரு."

"இருக்கும் அண்ணி. மெயில் போட்டுட்டா வந்துடும்," என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

மெயில் போட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டிலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். குழுவைப் பராமரிக்கிற வேலை என்னுடையது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு ஒவ்வொரு கடிதமும் தனித்தனியாகப் போகும். மீதிப் பாதி, பெரும்பாலும் வயதானவர்கள், டைஜஸ்ட் வாங்குகிறவர்கள். ஒரு நாளில் வந்த கடிதங்களையெல்லாம் வரிசையாகச் சேர்த்து மாலையில் ஒரே மெயிலாக அனுப்புவதுதான் டைஜஸ்ட். சார் அதைக் 'கட்டு' என்பார். எல்லாரும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள்.

கட்டு வாங்குவதில் தொல்லை ஒன்றும் இல்லை. அதற்குப் பதில் போடுவதில்தான் இருக்கிறது. கட்டைத் திறந்து நடுவில் எங்கோ இருக்கும் ஒரு கடிதத்தைப் படிப்பார்கள், அங்கேயே ரிப்ளையை அமுக்கி 'அருமை, வாழ்த்துகள்' என்று அனுப்புவார்கள். தலைப்பில் டைஜஸ்ட் என்றும் ஒரு எண்ணும் மட்டும் இருக்கும். வாழ்த்து யாருக்கு, எதற்கு என்று யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே அன்றைய கட்டு முழுசாகத் தொங்கிக்கொண்டு வரும். அப்படியே விட்டால் நாளைய கட்டுக்குள் இன்றைய கட்டு இருக்கும், மறுநாள் கட்டுக்குள் அந்த இரண்டும் இருக்கும். அதனால் ஓர் அளவுக்கு மேல் பெருத்த கடிதம் வெளியே போகாமல் என்னிடம் வந்து நிற்கும்படி வைத்திருந்தேன். நான் திறந்து, எழுதியவரின் ஒரு வரியைத் தேடி எடுத்து, வாலை வெட்டிவிட்டு, சரியான தலைப்பைப் போட்டு அனுப்புவேன். சிலர் உச்சியில் எழுதுவார்கள். சிலர் எல்லாவற்றுக்கும் அடியில் போய் எழுதுவார்கள். ஒன்றுமே எழுதாமல் கட்டை மட்டும் திருப்பி அனுப்புகிற ஒருவரும் உண்டு.

ஒருமுறை பொறுக்க முடியாமல், கட்டுக்குப் பதில் எழுதுவது எப்படி என்று படிப்படியாக விளக்கி ஒரு கடிதம் போட்டேன். தலைப்பை மாற்றுங்கள், கீழே இருப்பதை அழியுங்கள். 'நல்ல யோசனை தம்பி, இனி அப்படியே செய்கிறோம்' என்று பதில் பதிலாக வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் கட்டு முழுசாக இருந்தது.

இன்னொரு முறை, அப்படி வருவதை இயந்திரமே திருப்பி அனுப்பிவிடட்டும் என்று மாற்றி வைத்தேன். யாரோ ஒருவரின் சாவுக்கு இரங்கல் எழுதிய பெரியவர் ஒருவருக்கு, உங்கள் கடிதம் நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் போய்விட்டது. மனுஷன் பஸ் ஏறி சார் வீட்டுக்கே வந்துவிட்டார். "நான் இன்னா தப்புப் பண்ணேன், சாவுக்கு எழுதனது கூடவா வேணாம்?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதிலிருந்து எந்தக் கடிதத்தையும் திருப்புவதில்லை, எத்தனை வந்தாலும் கையால்தான் வெட்டுவது என்று ஆனது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். என் அப்பா சுரங்கத்தில் மண் அள்ளியவர், இப்போது ஹோசூர் ரோட்டில் ஓர் அடுக்குமாடிக்குக் காவல் இருக்கிறார். அவருக்கு மேலே இருந்த குமாஸ்தாக்களின் கடிதங்கள் இப்போது என் கை பட்டுத்தான் வெளியே போகின்றன. அது எனக்குள் ஒரு சின்னப் பெருமை. அப்பாவுக்கு அது விளங்கவில்லை.

"அப்போ நீ தபால் ஆபீஸா?" என்று ஒருநாள் கேட்டார்.

"இல்ல நைனா. வர்ற கடுதாசிய வெட்டிச் சரி பண்ணி அனுப்பறது."

"சம்பளம்?"

"கிடையாது."

"செர்தான். நானாவது கேட்ட தொறந்து மூடறதுக்குக் காசு வாங்கறேன்," என்றார்.

ஞாயிறு மாலை கூட்டக் குறிப்பையும், வீட்டுக்குப் பணம் கேட்டு ஒரு கடிதத்தையும் ஒன்றாக அனுப்பினேன். அன்றைய கட்டு அதற்குள் போய்விட்டிருந்தது. ஆகவே டைஜஸ்ட்காரர்களுக்கு என் கடிதம் திங்கட்கிழமைக் கட்டில், முதலாவதாகப் போகும். நல்லதுதான், வாரத் தொடக்கம், எல்லாரும் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி இறந்துபோனார்.

சார் எழுதிய சாவுச் செய்தி என் கடிதத்துக்கு அடுத்ததாக வந்து உட்கார்ந்தது. மாலைக்கட்டில் முதலில் வீடு, இரண்டாவது மேஸ்திரி. இரண்டாவதைப் படித்தபின் யார் முதலாவதை நினைத்துக்கொண்டிருப்பார்கள்? தங்கவயல் லைன் வீடுகளில் ஒரு சாவு என்றால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் போய் நின்றாக வேண்டும். போகாத வீட்டை வருஷக்கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். ஊர் கலைந்த பிறகு அந்த நிற்றல் மெயிலுக்கு வந்துவிட்டது. பிறந்த நாளுக்கு எழுதாதவரும் கல்யாணத்துக்கு எழுதாதவரும் சாவுக்கு எழுதிவிடுவார். அதுவும் மேஸ்திரியின் சாவு. அவரால் அந்த வீட்டில் ஒரு ராத்திரியாவது படுக்காத குடும்பம் குழுவில் குறைவு.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் பஸ்ஸில் நின்றபடி போனைத் திறந்தேன். என்னிடம் வந்து நிற்கும் கடிதங்களின் வரிசை விரலால் தள்ளத் தள்ள முடியவில்லை. எல்லாத் தலைப்பும் ஒரே மாதிரி. 'ஆழ்ந்த இரங்கல்', கீழே கட்டு. 'கண்ணீர் அஞ்சலி', கீழே கட்டு. அந்தக் கட்டின் முதல் கடிதம் என்னுடையது என்பதால், ஒவ்வொரு இரங்கலுக்கும் கீழே, மாசக் கடைசிக்குள் இரண்டு லட்சம் வேண்டும் என்று நான் எழுதியது தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் என் கடிதத்தை நானே வெட்டிப் போட்டேன்.

அடக்கம் அன்று சாயங்காலம். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினேன். அப்பாவும் வந்தார். முந்தின நாள் தன் இரங்கலையும் அனுப்பச் சொல்லி என்னிடம் வாயால் சொன்னார்: "மேஸ்திரி, நீ எனக்கு ஒரு தபா சுரங்கத்துக்குள்ள லைட் குடுத்த, நான் மேல வந்தேன். அவ்ளோதான்." அப்படியே தட்டி அனுப்பினேன். குழுவில் வந்த இரங்கல்களில் எனக்கு மறக்காமல் இருப்பது அது ஒன்றுதான்.

மேஸ்திரி வீட்டு முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். அதன் நிழலில் நின்றவர்களைப் பார்த்தேன். எனக்கு மெயில் முகவரியாக மட்டும் தெரிந்தவர்கள் எல்லாரும் உடம்போடு அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். உச்சியில் எழுதுகிறவர், அடியில் எழுதுகிறவர், ஒன்றும் எழுதாமல் கட்டைத் திருப்புகிறவர். நான்தான் அந்தத் தம்பி என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"தம்பி, நேத்தே இரங்கல் போட்டேன். கட்டுல வரலியேப்பா?"

"வரும் சார். வரிசைல இருக்குது."

"எனக்கு முன்னாடி அந்த ஸ்கூல் வாத்தியார் போட்டது வந்துடுச்சே?"

"அவரு கட்டுக்குப் பதிலாப் போடல சார், தனியாப் போட்டாரு. அதான்."

"இன்னாவோ போ. நம்பளது கடைசில வந்தா நல்லாவா இருக்கும்?"

ஒரே ஒருவர் மட்டும், மாலையைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டப் பத்தி ஏதோ வந்துச்சு இல்ல? பொறுமையாப் படிக்கிறேன்," என்றார்.

அக்கா கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு சாரிடம் போனார். "சார், குரூப்பே இங்க நிக்குது. ஒரு வார்த்த. நான் கேக்கறேன், நீங்க பக்கத்துல நின்னாப் போதும்."

சார் அழுதிருந்தார், மூக்கு சிவந்திருந்தது. "அவரு மொகத்த இன்னும் மூடலம்மா," என்றார்.

அக்கா திரும்பி, பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அப்பா என் காதருகில் வந்து, "இருக்கறவங்க எல்லாம் எதுர்லயே நிக்கறாங்க. உங்களுக்குக் கேக்க இன்னா?" என்றார்.

"நைனா, சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் எல்லாம் படிச்சவங்க."

அண்ணியும் வந்திருந்தார். அண்ணனால் வர முடியவில்லை என்று மேஸ்திரியின் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் வீட்டுக் கடிதத்தை மறுபடி போட்டேன். அது இரங்கல்களுக்கு நடுவில் போய் விழுந்தது. டைஜஸ்ட்காரர்கள் கட்டைத் திறப்பார்கள், முதல் பத்தும் இரங்கல், ஒரு பெருமூச்சு, மூடிவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, நானும் அப்படித்தான் மூடியிருப்பேன். எல்லாருக்கும் நேராகத் தனித்தனி மெயில் போட்டுவிடட்டுமா என்று சாரைக் கேட்டேன். "தனித்தனியாப் போனா அது கதவத் தட்டறது தம்பி. அவரு போன வாரமே தட்டணுமா?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அவர் குரலில் மேஸ்திரியின் குரலும் கொஞ்சம் இருந்தது.

வரிசையை வந்த கிரமத்திலேயே பார்த்தேன். யாருடைய இரங்கலையும் பின்னுக்குத் தள்ள மனம் வரவில்லை. சாப்பாட்டு இடைவேளையிலும், ஹோசூர் ரோட்டு நெரிசலில் பஸ் நின்றபோதும் வெட்டினேன். இடையில் சில கடிதங்கள் இரட்டையாக வந்தன: 'மேஸ்திரி போனது எனக்குக் கை ஒடிந்தது போல. வீட்டு விஷயம் பார்த்தேன், ஆகட்டும்.' அதை இரண்டாகக் கிழித்து, ஒன்றை இரங்கல் தலைப்பிலும் ஒன்றை வீட்டுத் தலைப்பிலும் போட்டேன். ஆகட்டும் என்றால் எவ்வளவு என்று அவருக்கு எழுதிக் கேட்டால், 'எப்போதும் போல' என்று மறுபடி கட்டுக்கே பதில் போடுவார். அதுவும் வரிசையின் கடைசியில் போய் நிற்கும்.

தனித்தனியாக மெயில் வாங்குகிறவர்கள் கொடுத்தார்கள். இளவயசுக்காரர்கள், என்னைப் போல மாசச் சம்பளக்காரர்கள். நானும் கொடுத்தேன். எல்லாம் சேர்த்தும் பாதிக்கு எட்டவில்லை. கொடுக்கக்கூடியவர்கள், பென்ஷனும் பிள்ளைகளின் வெளிநாட்டுக் காசும் உள்ளவர்கள், கட்டு வாங்குகிறவர்கள்தான்.

இடையில் அண்ணி அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஒரு முறை வந்து போனார். நான் போய்ப் பார்த்தேன். அண்ணன் தலையணையை அணைத்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருந்தார், அப்படி உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். "இன்னா தம்பி, உங்க கட்டு கனமாயிடுச்சாமே," என்றார். சிரிக்கப் பார்த்து இருமினார். அண்ணி அடுப்பைத் துடைத்து, பாத்திரங்களைக் கவிழ்த்து, அடுத்து வருகிறவர்களுக்கென்று அரிசி டப்பாவில் அரிசி போட்டுவிட்டுப் போனார்.

மாசம் முடிந்தது. பாயிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நாங்களும் போகவில்லை. கையில் முழுசாக இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று சார் சொன்னார். அடுத்த வாரம் ஒருநாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் போன் போட ஆரம்பிச்சுட்டேன். சாருக்குச் சொல்லிக்கோ, சொல்லாமப் போ. ஆண்டவர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்." மதியம் மறுபடி அவரே பேசினார். யாரைக் கேட்டாலும், "எப்பம்மா கேட்டீங்க? எனக்குக் கட்டு தெனம் வருதே, நான் பார்க்கலியே," என்கிறார்களாம். "இப்போ சொல்லுங்க, எங்க அனுப்பணும்?" என்கிறார்களாம். அக்காவின் குரல் உடைந்திருந்தது, சந்தோஷத்தில். சாயங்காலம் நேராகப் பாய் வீட்டுக்குப் போகலாம், நீயும் வா என்றார்.

பாய் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். அக்கா பேசி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"மவுத் வீடுன்னு கேள்விப்பட்டேன் மேடம். நல்ல மனுசன். அதான் மாசம் முடிஞ்சும் ஒரு வாரம் நிறுத்தி வெச்சேன். உங்க சைடுலேர்ந்து ஒருத்தர் வரல, ஒரு போன் இல்ல. வேணாம்போல இருக்குன்னு நெனச்சேன். நேத்து அந்த இன்னொரு பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் கை நீட்டி வாங்கிட்டேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பாய்?" என்றார் அக்கா.

"காசு விசயத்த நான் எப்படி மேடம் போன் போட்டுக் கேக்கறது, சாவு வீட்டுல?" என்றார் பாய்.

அக்கா கீழே குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி பண்ணினோம். இரண்டு கட்டில், மெத்தைகள், ஸ்டவ், அரிசி டப்பா. அரிசி டப்பாவில் பாதி அரிசி இருந்தது. சார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்து, அங்கேயே அதைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் சொன்னது தப்பா தம்பி?" என்று கேட்டார். நான் கட்டிலின் ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பாய் லீசுத் தொகையை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார், பெயிண்ட்டுக்குக்கூடப் பிடிக்கவில்லை. குழுவின் கணக்கில் ஒரு ரூபாய் குறையவில்லை என்று அக்கா எழுதித் தந்ததைக் குழுவில் போட்டேன். கட்டுக்குப் பதிலாக ஒருவர் எழுதினார்: 'மகிழ்ச்சியான செய்தி, வாழ்த்துகள்.' கீழே கட்டு முழுசாக இருந்தது.

வீடு போன பிறகும், 'நான் இவ்வளவு தருகிறேன்' என்று டைஜஸ்ட்காரர்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தது. பழைய கட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கிறவர்கள் அந்த இடத்துக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் எவ்வளவு வந்திருக்கும் என்று பார்க்கப் போனபோது அக்கா தடுத்தார். "கூட்டாத தம்பி. கூட்டி இன்னா பண்ணப் போற?" நான் கூட்டவில்லை. ஒவ்வொருவருக்கும், வீட்டை விட்டுவிட்டோம், நன்றி என்று எழுதினேன்.

அடுத்த முறை அண்ணியும் அண்ணனும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். இரண்டாவது மாடி. படியில் பாதியில் அண்ணன் உட்கார்ந்துவிட, ரூம் பையன் ஒரு ஸ்டூலைக் கொண்டு வந்து கொடுத்தானாம். அதற்கடுத்த முறையும் அங்கேயே. அதற்கும் அடுத்த முறை வரவில்லை. நான் போன் பண்ணினேன்.

"இவுரு வேணான்றாரு தம்பி. ராத்திரில இருமினா பக்கத்து ரூம்காரன் செவுத்தத் தட்டறான். இவுருக்கு வெக்கமாப் போயிடுது. இங்கயே மாத்தரை போட்டுக்கினு பார்க்கலாம்ன்றாரு."

"நீர எடுக்காம எப்படி அண்ணி?"

"எடுக்கலன்னா மூச்சு ஏறுது. தெரியுது. இன்னா பண்றது சொல்லு."

லீசுக் காசு பேங்கில் சும்மாதான் கிடக்கிறது, லாட்ஜ் செலவை அதிலிருந்து கொடுத்துவிடலாம், அக்காவும் சாரும் சரி என்றுவிட்டார்கள் என்றேன். எதிர்முனையில் அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது. அண்ணி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"வீடுன்னா அது எல்லாருக்கும் தம்பி. இன்னைக்கு நாங்க, நாளைக்கு இன்னொருத்தரு. வந்தோம், படுத்தோம், அரிசி போட்டுட்டுப் போனோம். காசுன்னா அது எங்க ரெண்டு பேருக்குன்னு ஆயிடும். உங்க கட்டுல எங்க பேரப் போட்டுக் கேப்பீங்க. மேஸ்திரி இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?"

பேர் போடாமல் செய்யலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், எனக்காக மட்டும் கேட்கிறேன், குழுவுக்குச் சொல்ல மாட்டேன், அந்த லாட்ஜுக்கு எவ்வளவுதான் ஆச்சு என்று கேட்டேன். அண்ணனிடம் கேட்டுவிட்டுச் சொன்னார். ரெண்டு தபாவுக்கும் சேர்த்து, மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.